“இல்லை” என்று சொல்லும் முன்



எங்கள் மஹல்லாவின் பழைய நிக்காஹ் தஃப்தர்களைக் கணினியில் ஏற்றி, பெயரைத் தட்டினால் பதிவு கிடைக்கும்படி செய்த பணியைப் பற்றி ஒரு மகிழ்ச்சியான கட்டுரை எழுதவே எண்ணியிருந்தோம். அப்பணியில் நாங்கள் செய்த தவறு ஒன்று ஒரு முதிய பெண்மணியின் மனத்தைப் புண்படுத்திவிட்டது. ஆகவே மகிழ்ச்சியைப் பின்னர் எழுதிக்கொள்ளலாம், தவறை முதலில் எழுதுவோம் என்று முடிவு செய்தோம். இப்போது பல ஊர்களிலும் ஜமாஅத் அலுவலகங்களுக்குக் கணினி வந்துவிட்டது. நாங்கள் விழுந்த குழியில் மற்றவர்களும் விழ வேண்டாம்.

தமிழ்நாட்டில் எல்லாச் சமயத்தாரும் திருமணத்தை அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்ற சட்டம் 2009ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்கு முன் நடந்த நிக்காஹ்களில் பலவற்றுக்கு ஜமாஅத்தின் தஃப்தர் ஒன்றே எழுத்துச் சான்று. மணமக்களின் பெயர், வலீயின் பெயர், சாட்சிகளின் கையொப்பம், மஹர் தொகை, நாள் ஆகிய அனைத்தும் அதில்தான் இருக்கின்றன. எங்கள் பள்ளிவாசலில் அத்தகைய தஃப்தர்கள் பதினொன்று உள்ளன. சிலவற்றில் மை மங்கிவிட்டது. ஒன்றின் ஓரத்தைக் கரையான் தின்றிருந்தது. முத்தவல்லியின் அனுமதி பெற்று, நாங்கள் நால்வர் இஷாவுக்குப் பின் அமர்ந்து ஒவ்வொரு பக்கமாகப் படமெடுத்தோம். அவற்றைப் பார்த்துச் சகோதரிகள் சிலர் தம் வீடுகளிலிருந்தே எக்செல் தாள்களில் தட்டச்சு செய்து தந்தனர். பதிவுகள் மொத்தம் 6,140.

எக்செல் தாளிலேயே தேடலாமே என்று சிலர் கேட்டனர். நம் பெயர்களின் எழுத்துமுறைதான் அதற்குத் தடை. ஒரே பெயரை ஓர் எழுத்தர் ஃபாத்திமா என்று எழுதுவார்; அடுத்தவர் பாத்திமா என்பார்; அதற்கு முந்தியவர் பாத்துமுத்து என்று எழுதியிருப்பார். இவற்றை ஒன்றாகக் கருதித் தேடுவதற்கு ஒரு தேடுபொறி தேவைப்பட்டது. எனவே சோலர் என்ற இலவச மென்பொருளை நிறுவினோம். அதன் உள்ளே இயங்குவது லூசீன் என்னும் நூலகம். டக் கட்டிங் என்பவர் 1999இல் எழுதிய அந்நூலகத்தின் மேல்தான் உலகின் பெரிய தேடல் தளங்கள் பலவும் நிற்கின்றன.

தேடுபொறி நாம் தட்டும் பெயரை 6,140 பதிவுகளிலும் வரிவரியாகத் தேடுவதில்லை. நூலின் கடைசியில் இன்ன சொல் இன்னின்ன பக்கங்களில் என்று சொல்லடைவு இருக்குமே, அதைப் போன்ற ஒன்றை அது முன்கூட்டியே ஆக்கி வைத்துக்கொள்கிறது. கேள்வி வந்ததும் அந்த அடைவை மட்டுமே புரட்டுகிறது. அடைவில் இருந்தால் கிடைக்கும். அடைவில் இல்லையென்றால், மூலத்தில் இருந்தாலும் கிடைக்காது. இந்தக் கடைசி வாக்கியத்தின் பொருளை நாங்கள் மிகத் தாமதமாகவே உணர்ந்தோம்.

ஓராண்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. பின்பு ஒரு மாலையில் மின்தடை ஏற்பட்டது. யுபிஎஸ் மின்கலமும் கைவிட்டது. மின்சாரம் திரும்பியபின் கணினி எழுந்தது, தேடுபொறி எழவில்லை. மறுநாள் ஒருவருக்கு அவசரமாகப் பதிவு தேவை. எங்களுள் ஒருவர் அதைக் கையால் இயக்க முயன்றார். லினக்ஸ் கணினியில் எல்லா அதிகாரமும் கொண்ட ரூட் என்னும் பயனராக அவர் நுழைந்திருந்தார். ரூட்டாக இருந்துகொண்டு என்னை இயக்காதே என்று சோலர் மறுக்கும். வற்புறுத்தி இயக்கவும் ஒரு வழி வைத்திருக்கிறது. அவர் வற்புறுத்தினார். தேடல் வேலை செய்தது, நாங்களும் அவரைப் பாராட்டினோம்.

கோளாறு அங்கேதான் தொடங்கியது. லினக்ஸில் ஒவ்வொரு கோப்பிற்கும் ஓர் உரிமையாளர் உண்டு. தேடுபொறி வழக்கமாகத் தனக்கென அமைந்த ஓர் எளிய பயனரின் பெயரில் இயங்கும். அடைவுக் கோப்புகளும் அப்பயனருக்கே உரியவை. ரூட் பெயரில் இயங்கிய நாள்களில் அது புதிதாக எழுதிய கோப்புகளோ ரூட்டின் உடைமையாகிவிட்டன. அடுத்த வாரம் கணினியை அணைத்து இயக்கியபோது தேடுபொறி தன் வழக்கமான பெயரில் எழுந்து, தன் கோப்புறையில் இருந்த பூட்டுக் கோப்பைத் திறக்கப் பார்த்தது. அனுமதி மறுக்கப்பட்டது. தேடல் பக்கத்தில் பிழைச் செய்தி மட்டுமே தெரிந்தது.

அப்போது நாங்கள் பார்த்திருக்க வேண்டியவை மூன்று: இந்த நிரல் எந்தப் பயனரின் பெயரில் இயங்குகிறது, அது தொட முனையும் கோப்பு யாருடையது, அக்கோப்பு வரையுள்ள ஒவ்வொரு கோப்புறையிலும் நுழைய அப்பயனருக்கு இசைவு உண்டா. இம்மூன்றுக்கும் விடை கண்டிருந்தால் உரிமையாளரை மாற்றும் ஒரே கட்டளையில் வேலை முடிந்திருக்கும்.

நாங்கள் செய்தது வேறு. அனுமதிதானே சிக்கல், எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுத்துவிட்டால் போகிறது என்று எண்ணி, கோப்புறை முழுவதற்கும் 777 என்ற எண்ணை இட்டோம். அந்த மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், அவருடைய குழுவினர், மற்றவர் ஆகியோரைக் குறிப்பன. படிக்க 4, எழுத 2, இயக்க 1. மூன்றும் சேர்ந்தால் 7. ஆக 777 என்றால், யார் வேண்டுமானாலும் வரலாம், எதையும் மாற்றலாம் என்று பொருள். வீட்டுச் சாவி பூட்டில் சிக்கிக்கொண்டது என்பதற்காகக் கதவையே கழற்றி வைத்த கதை அது. ஆயினும் தேடல் உடனே வேலை செய்தது. வேலை செய்துவிட்டதால், செய்தது சரியா என்று கேட்க எவருக்கும் தோன்றவில்லை.

அந்தக் கோப்புறை வேறோர் இடத்தில் இருந்திருந்தால் ஒருவேளை தப்பியிருப்போம். தஃப்தர்ப் படங்களை அலுவலகத்தின் மற்றக் கணினியிலிருந்தும் பார்ப்பதற்காகப் பகிர்ந்திருந்த பெரிய கோப்புறைக்குள்தான் அடைவுக் கோப்புறையும் இருந்தது. முன்பெல்லாம் மற்றக் கணினியில் இருப்போர் அதைத் தொட முனைந்தால் கணினி தடுத்துவிடும். இப்போது தடுப்பதற்கு ஒன்றுமில்லை.

சில வாரங்களுக்குப் பின், அலுவலகப் பணியில் உதவும் சகோதரர் ஒருவர் பகிர்ந்த கோப்புறையை ஒழுங்குபடுத்த முனைந்தார். படமும் அல்லாத, எக்செல் தாளும் அல்லாத, அடிக்கோடும் எழுத்தும் எண்ணுமாகப் பெயர் கொண்ட சில கோப்புகளைக் கண்டார். ஏதோ தற்காலிகக் குப்பை என்று கருதி இரண்டை அழித்தார். பின்னர் ஐயம் தோன்றி நிறுத்திவிட்டார். அவர் மீது எங்களுக்கு வருத்தமில்லை. லினக்ஸில் ஒரு கோப்பை அழிக்க அந்தக் கோப்பின் மீது உரிமை வேண்டியதில்லை. அது இருக்கும் கோப்புறையில் எழுதும் உரிமை இருந்தால் போதும். அவ்வுரிமையைக் கொடுத்தவர்கள் நாங்கள்.

அழித்த அன்று எதுவும் நிகழவில்லை என்பதுதான் விந்தை. இயங்கிக்கொண்டிருக்கும் ஒரு நிரல் திறந்து வைத்துள்ள கோப்பை அழித்தால், லினக்ஸ் அதன் பெயரை மட்டுமே உடனே நீக்கும். உள்ளடக்கம் அந்த நிரலின் பிடியில் தொடர்ந்து இருக்கும். எனவே தேடல் வழக்கம்போல் நடந்தது. அடுத்த மின்தடையில் நிரல் நின்றது, பிடி விட்டது, கோப்பும் போயிற்று. மீண்டும் இயக்கியபோது, அடைவு சிதைந்துள்ளது, இன்ன கோப்பைக் காணவில்லை என்று தேடுபொறி முறையிட்டது.

லூசீன் தன் அடைவைப் பல துண்டுகளாக எழுதி வைக்கிறது. ஒருமுறை எழுதிய துண்டின் உள்ளடக்கத்தை அது திருத்துவதில்லை. புதியவற்றைப் புதுத் துண்டாக எழுதி, அவ்வப்போது சிறியவற்றை ஒன்று சேர்க்கும். 2014இல் வந்த 4.8ஆம் பதிப்பிலிருந்து ஒவ்வொரு கோப்பின் இறுதியிலும் ஒரு சரிபார்ப்புத் தொகையையும் எழுதிவிடுகிறது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் அத்தொகை காட்டிக்கொடுத்துவிடும். தராவீஹில் இமாம் ஒரு சொல்லை விட்டால் பின்னால் நிற்கும் ஹாஃபிழ் எடுத்துக் கொடுப்பாரே, அவரைப் போல. ஆனால் ஹாஃபிழ் விடுபட்டதை எடுத்தும் கொடுப்பார். இத்தொகையால் பிழையைச் சுட்ட மட்டுமே முடியும்.

இத்துண்டுகளைச் சோதிக்க லூசீனுடன் செக்இண்டெக்ஸ் என்ற கருவி வருகிறது. தேடுபொறியை நிறுத்திவிட்டு அதை ஓட்டினோம். ஒரு துண்டு பழுதாகியுள்ளது, அதில் 1,312 பதிவுகள் உள்ளன என்று அது தெரிவித்தது. எக்ஸார்சைஸ் என்ற விருப்பத்தைச் சேர்த்து ஓட்டினால் அடைவு மீண்டும் திறக்கும், ஆனால் அந்த 1,312 பதிவுகளும் இழக்கப்படும் என்றும் எச்சரித்தது. அந்த ஆங்கிலச் சொல்லின் பொருள் பேயோட்டுதல். முற்காலத்தில் அவ்விருப்பத்திற்குச் ‘சரிசெய்’ என்று பொருள்படும் பெயர் இருந்தது. பிறகுதான் இப்பெயரை வைத்தனர். அது பழுதான துண்டைச் சரிசெய்வதில்லை, வெளியே துரத்திவிடுகிறது.

எச்சரிக்கையைப் படித்தோம். அடுத்த வாரம் எல்லாவற்றையும் மீண்டும் ஏற்றிவிடலாம் என்று சொல்லிக்கொண்டே அவ்விருப்பத்தை இட்டோம். தேடுபொறி எழுந்தது. அண்மையில் நடந்த நான்கைந்து நிக்காஹ்களைத் தேடிப் பார்த்தோம், எல்லாம் கிடைத்தன. அடுத்த வாரம் வந்தது, போனது. மீண்டும் ஏற்றுவதை மறந்துவிட்டோம்.

மூன்று வாரம் கழித்து ஒரு பெரியம்மா தம் பேரனுடன் வந்தார். கணவர் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர். வஃபாத்தாகி, பெரியம்மா இத்தாவை முடித்திருந்தார். குடும்ப ஓய்வூதியத்திற்கு விண்ணப்பித்த இடத்தில், கணவரின் பணிப்பதிவேட்டில் உள்ள பெயரும் இவருடைய அட்டையில் உள்ள பெயரும் வேறாக இருப்பதால் திருமணச் சான்று வேண்டும் என்றனர். நிக்காஹ் நடந்தது 1974இல், எங்கள் பள்ளிவாசலில்.

பெயரைத் தட்டினோம். பதிவு இல்லை. வேறு எழுத்துமுறையில் தட்டினோம். இல்லை. கணவரின் பெயர், தகப்பனாரின் பெயர், ஆண்டு என எதைத் தட்டியும் கிடைக்கவில்லை. “பெரியம்மா, எல்லா தஃப்தரும் இதுல இருக்கு. உங்க நிக்காஹ் இங்க பதிவாகலை போலிருக்கு” என்றோம். அப்படிச் சொன்னபோது எங்கள் குரலில் தயக்கம்கூட இல்லை. கணினி சொல்கிறதே.

அவர் சற்று நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “அப்போ இத்தனை வருசமா நான் யாரு தம்பி?” என்று கேட்டார். நாங்கள் விடை சொல்லவில்லை. பேரன் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்றான்.

அன்று மஃரிப் தொழுகைக்குப் பின் பெரியம்மாவின் வீட்டார் மோதினாரிடம் இதைச் சொல்லியிருக்கின்றனர். அவர் எங்களை எதுவும் கேட்கவில்லை. அலமாரியைத் திறந்து, தோல் அட்டை போட்ட நான்காவது தஃப்தரை எடுத்து, 1974ஆம் ஆண்டுப் பக்கங்களை விரலால் ஒவ்வொன்றாகத் தள்ளினார். கால் மணி நேரத்தில் பதிவு கிடைத்துவிட்டது. பெயர், வலீ, இரு சாட்சிகளின் கையொப்பம், மஹர் எல்லாம் தெளிவாக இருந்தன. “இதோ இருக்கே” என்று மட்டும் சொன்னார்.

அந்த இரவு எங்களில் எவரும் சரியாக உறங்கவில்லை. துரத்திய 1,312 பதிவுகளில் அவருடைய நிக்காஹும் ஒன்று. அந்த மூன்று வாரத்தில் வேறு யாரிடமெல்லாம் “இல்லை” என்று சொன்னோம் என்று தேடியபோது, இன்னும் இரு குடும்பங்கள் இருப்பது தெரிந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சென்று தவறு எங்களுடையது என்று சொல்லி மன்னிப்புக் கேட்டோம்.

பின்பு செய்ய வேண்டியதைச் செய்தோம். தேடுபொறியை நிறுத்தி, இருந்த அடைவை அப்படியே வேறிடத்தில் நகலெடுத்து வைத்தோம். அடைவுக் கோப்புறையைப் பகிர்ந்த கோப்புறைக்கு வெளியே கொண்டு சென்றோம். கோப்புகள் அனைத்தையும் தேடுபொறியின் பயனருக்கே உரிமையாக்கி, கோப்புறைகளுக்கு 750, கோப்புகளுக்கு 640 என்று அனுமதியைச் சுருக்கினோம். அதாவது உரிமையாளர் எழுதலாம், குழுவினர் படிக்கலாம், மற்றவர்க்கு ஒன்றுமில்லை. அலுவலகத்தார்க்குத் தேவை தேடல் பக்கம் மட்டுமே. கோப்புகளைத் தொடும் தேவை அவர்களுக்கு இல்லை. அடைவை முழுவதும் அழித்து, எக்செல் தாள்களிலிருந்து மீண்டும் உருவாக்கினோம். அதற்குப் பிடித்த நேரம் சில நிமிடங்களே. எங்கள் சோம்பல் ஒரு முதியவரின் கண்ணீருக்குக் காரணமானது அந்தச் சில நிமிடங்களுக்காக என்பதுதான் இன்றும் உறுத்துகிறது.

இப்போது சில வழக்கங்களைக் கடைப்பிடிக்கிறோம். தாள்களில் உள்ள வரிகளின் எண்ணிக்கையும் அடைவில் உள்ள பதிவுகளின் எண்ணிக்கையும் ஒன்றா என்று ஒவ்வொரு ஜும்ஆ நாளிலும் பார்க்கிறோம். ரூட் பெயரில் தேடுபொறியை யாரும் இயக்குவதில்லை. கணினியின் சேவை அமைப்பு வழியாகவே இயக்குகிறோம். இயங்கும் அடைவைக் கையால் நகலெடுக்காமல், சோலரே தரும் காப்பு வசதியைப் பயன்படுத்துகிறோம். பிழை வந்தால், பதிவேட்டில் அதன் நேரத்தையும் செய்தியையும் நாங்கள் செய்ததையும் எழுதி, செய்தவர் கையொப்பமிடுகிறோம். தேடல் பக்கத்தில் முன்பு “பதிவு இல்லை” என்று வந்த இடத்தில் இப்போது, “இத்தேடலில் கிடைக்கவில்லை, தஃப்தரைப் பார்க்கவும்” என்று வருகிறது.

கடனை எழுதி வைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் கற்றுத்தரும் அல்பகராவின் 282ஆம் வசனம் குர்ஆனின் மிக நீண்ட வசனம் என்பதை நாம் அறிவோம். எழுத்தும் சாட்சியும் நம் மார்க்கத்தில் அத்தனை கனம் உடையவை. எங்களுக்கு முன்னோர் அந்த தஃப்தர்களை ஐம்பது, அறுபது ஆண்டுகள் வெள்ளத்திலும் கரையானிலும் காத்து அமானிதமாகக் கையளித்தனர். அமானிதத்தைக் காப்பது என்றால் யார் தொடலாம், யார் தொடக்கூடாது என்று வரையறுப்பதும் அதில் அடங்கும் என்பதை 777 என்ற மூன்று இலக்கங்களிலிருந்து கற்றோம். எல்லோரையும் நம்புகிறோம் என்று கதவைத் திறந்து வைப்பதைத் தாராளம் என்று நினைத்திருந்தோம். நல்லெண்ணம் கொண்ட ஒரு சகோதரரைத் தவறு செய்ய விட்டதும் அதே தாராளம்தான்.

இன்னொன்றும் கற்றோம். கிடைக்கவில்லை என்பது வேறு, இல்லை என்பது வேறு. முன்னது நம் தேடலின் நிலை. பின்னது ஒருவருடைய வாழ்வைப் பற்றிய தீர்ப்பு. தேடல் பழுதாகியிருக்கக் கூடும் என்பதை மறந்து தீர்ப்பைச் சொல்லிவிட்டோம்.

சான்றிதழை எழுதி, முத்தவல்லியின் கையொப்பமும் முத்திரையும் பெற்று, பெரியம்மாவின் வீட்டுக்கே கொண்டு சென்றோம். அவர் அதை இருமுறை பேரனை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். பிறகு தேநீர் தந்தார். விடைபெறும்போது, “அந்தப் பழைய புத்தகத்தத் தூக்கிப் போட்டுறாதீங்க தம்பி” என்றார்.

போடமாட்டோம், இன்ஷா அல்லாஹ். எங்கள் பிழைகளை அல்லாஹ் மன்னிப்பானாக. நம்மிடம் ஒப்படைக்கப்பட்டவற்றைப் பேணும் கவனத்தை நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.